மறந்துபோன வட்டார ஓவியரைத் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

1890 முதல் 1980 வரை தமிழ்நாட்டு ஊர்களில் வேலை செய்த ஓவியர்களின் வாழ்க்கையைத் தேடுகிறவர்களுக்காக இந்தப் பக்கம். காலண்டர் படம் வரைந்தவர்கள், நாடகத்துக்குப் படுதா (மேடையில் தொங்கும் காட்சித் திரைச்சீலை) எழுதியவர்கள், போட்டோ ஸ்டுடியோவில் வண்ணம் தீட்டியவர்கள், பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர்கள், செட்டிநாட்டு வீடுகளுக்கு உருவப்படம் எழுதிக் கொடுத்தவர்கள் என்று அவர்களில் பல வகை. பெரும்பாலோர் டைரி எழுதியதில்லை, கடிதங்களைச் சேர்த்து வைத்ததில்லை. ஆனால் அவர்களுக்குக் கூலி கொடுத்தவர்கள் கணக்கு எழுதியிருக்கிறார்கள், நோட்டீஸ் அடித்திருக்கிறார்கள், கோப்பு வைத்திருக்கிறார்கள். இந்தத் தேடலில் முக்கால் பங்கு, அந்தக் காகிதம் எங்கே கிடக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான்.

கையில் ஒரு படமும் ஒரு பெயரும்தான் இருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?

படத்திலிருந்து. நூலகத்துக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் பிறகு போகலாம். படத்தை முன்னும் பின்னும் போட்டோ எடுங்கள். சட்டத்தை விட்டுவிட்டு, உயரம் முதலிலும் அகலம் அடுத்தும் வருமாறு சென்டிமீட்டரில் அளந்து குறியுங்கள். எதன்மேல் வரைந்தது (துணி, பலகை, அட்டை, கண்ணாடி), எந்த வண்ணம், எங்கே எழுத்து இருக்கிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து ஒரு தாளை மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் படத்திலோ காகிதத்திலோ எழுதியிருப்பது. இரண்டாவதில் ஒருவர் வாயால் சொன்னது, சொன்னவர் பெயரோடும் தேதியோடும். மூன்றாவதில் உங்கள் ஊகம். இந்த மூன்றும் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. ஆறு மாதம் கழித்து, உங்கள் ஊகமே உங்களுக்கு ஆதாரமாகத் தெரியத் தொடங்கிவிடும்.

கடைசியாக ஒரு கேள்வி: இந்தப் படத்துக்குக் காசு கொடுத்தது யார்? அச்சகமா, நாடகக் கம்பெனியா, கோயிலா, பள்ளிக்கூடமா, வணிகர் வீடா? அதற்கான பதில்தான் அடுத்து எந்த ஊருக்குப் பேருந்து ஏறுவது என்பதைச் சொல்லும்.

படத்தின் பின்பக்கத்தில் என்ன பார்க்க வேண்டும்?

முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் அதிகம் பேசும். சட்டம் போட்ட கடையின் சிட்டை ஒட்டியிருக்கலாம். கான்வாஸ் துணியில் வண்ணக் கடையின் ரப்பர் முத்திரை இருக்கலாம். பென்சிலில் 'பெரிய வீடு, பூஜை ரூம்' என்பதுபோல் ஒரு குறிப்பு இருக்கலாம். அது படம் எங்கே மாட்டப்படப் போகிறது என்று ஓவியரோ சட்டக்காரரோ எழுதிக்கொண்டது. கண்காட்சிக்குப் போன படமென்றால் வரிசை எண் சீட்டு மிஞ்சியிருக்கும்.

சிட்டை சட்டத்தின் காலத்தைச் சொல்கிறதே தவிர, படத்தின் காலத்தைச் சொல்வதில்லை. 1930-இல் எழுதிய படத்துக்கு 1975-இல் புதுச் சட்டம் போட்டிருப்பார்கள். பின்னால் உள்ள அட்டை பழுப்பேறாமல், ஆணியும் துருப்பிடிக்காமல் பளிச்சென்று இருந்தால் சட்டம் மாறியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பென்சில் எழுத்து மங்கியிருந்தால், அறையை இருட்டாக்கி, கைவிளக்கைப் படத்துக்குப் பக்கவாட்டில் கிட்டத்தட்டப் படுக்கைவசமாகப் பிடித்துப் பாருங்கள். பென்சில் அழுத்திய பள்ளத்தில் நிழல் விழும், எழுத்து தெரியும். இதே சாய்வொளியில் முன்பக்கத்தைப் பார்த்தால், அடியில் மறைத்து எழுதிய பழைய உருவத்தின் விளிம்புகூடத் தட்டுப்படும்.

கையொப்பம் இருக்கிறது. அதை அப்படியே நம்பலாமா?

பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பழைய எண்ணெய் வண்ணத்தில் வெடிப்புகள் இருக்கும். கையொப்பமும் அந்த வெடிப்போடு சேர்ந்து பிளந்திருந்தால் படத்தோடு எழுதியது. கையொப்பத்தின் வண்ணம் வெடிப்புக்குள் வழிந்து இறங்கியிருந்தால், வெடிப்பு விழுந்த பிறகு யாரோ போட்டது. விற்பதற்காகப் போட்டிருக்கலாம், தாத்தாவின் பெயர் மறைந்துவிடக் கூடாதே என்று பேரன் நல்ல மனத்தோடும் போட்டிருக்கலாம்.

கையொப்பம் உண்மையாகவே இருந்தாலும், அது ஒரு கையைக் குறிக்கிறதா ஒரு பட்டறையைக் குறிக்கிறதா என்பது வேறு கேள்வி. கோவில்பட்டி சி.கொண்டையராஜு (1898–1976) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர், கோவில்பட்டியில் நிலைத்து ஒரு சீடர் கூட்டத்தையே உருவாக்கினார். அங்கிருந்து சிவகாசி அச்சகங்களுக்குப் போன சாமி படங்களில் அவர் பெயரோடு டி.எஸ்.சுப்பையா, எம்.ராமலிங்கம் போன்ற சீடர்களின் பெயரும் சேர்ந்து வருவதுண்டு. முகம் ஒருவர் கை, நகையும் பின்புலமும் இன்னொருவர் கை என்று வேலை பிரிவது பட்டறை வழக்கம். இப்படிப்பட்ட படத்தை 'இன்னார் வரைந்தது' என்று எழுதாதீர்கள். 'இன்னார் பட்டறை, இன்னின்ன கையொப்பங்களோடு' என்று எழுதுங்கள். மறந்துபோன சீடர்கள் பலர் அந்த இரண்டாவது பெயரில்தான் உயிரோடு இருக்கிறார்கள்.

பழைய காலண்டர் தாளை எப்படிப் படிப்பது?

ஒரு தாளை மேசையில் விரித்துக்கொள்ளுங்கள். நடுவில் முருகன். அவரை விட்டுவிட்டு நான்கு ஓரங்களுக்குப் போங்கள்.

படத்தின் கீழ் மூலையில், பெரும்பாலும் மயிலின் வாலுக்கோ பாறைக்கோ பக்கத்தில் கையொப்பம். படச் சட்டத்துக்கு வெளியே, வெள்ளை ஓரத்தில், எறும்பு ஊர்வதுபோல் சின்ன எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும். அதையொட்டி ஓர் எண் இருந்தால் அது அச்சகத்தின் படவரிசை எண். மாதிரி ஆல்பத்தில் வியாபாரிகள் அந்த எண்ணைச் சொல்லித்தான் ஆர்டர் கொடுப்பார்கள். கீழே அகலமான பட்டையில் கடைப் பெயர், முகவரி, தொலைபேசி எண். இந்தப் பட்டை தனியாகப் பிறகு அச்சிடப்பட்டது. ஆகவே ஒரே படம் விருதுநகர் மளிகைக் கடைக்கும் ஈரோட்டு ஜவுளிக் கடைக்கும் போயிருக்கும். கடை இருந்த ஊரை ஓவியரின் ஊர் என்று எடுத்துக்கொள்வதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு.

தேதிக் கட்டில் இருக்கும் ஆண்டும் அந்த அச்சின் ஆண்டுதான். நன்றாக விற்ற படத்தை அச்சகம் பத்து, இருபது ஆண்டுகள் கழித்தும் திரும்ப அடிக்கும். ஒரே படவரிசை எண் கொண்ட தாள்களைச் சேர்த்து, அவற்றுள் மிகப் பழைய ஆண்டைப் பிடியுங்கள். படம் அந்த ஆண்டுக்கு முன்னால் எழுதப்பட்டது என்று மட்டும் சொல்லலாம்.

பூதக்கண்ணாடியில் அச்சின் புள்ளிகளையும் பாருங்கள். புள்ளிகள் ஒரே வரிசையில், சின்னப் பூப்போல் வட்டம் வட்டமாக இருந்தால் புகைப்பட முறையில் வண்ணம் பிரித்த ஆப்செட். புள்ளிகள் பெரிதும் சிறிதுமாக, கையால் குத்தியதுபோல் ஒழுங்கின்றி இருந்தால் லித்தோ. லித்தோவில் ஓவியரின் மூலப் படத்தைப் பார்த்து, அச்சக ஓவியர் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனியாகத் திரும்ப வரைவார். ஆகவே லித்தோ தாளில் நீங்கள் பார்க்கும் கண்ணும் உதடும் அந்தப் பெயரில்லாத அச்சக ஓவியருடையவை. தூரிகை நடையை வைத்து ஓவியரை அடையாளம் காணும் முயற்சி அங்கே செல்லாது.

தேதியே இல்லாத படத்தின் காலத்தை எப்படிக் கணிப்பது?

ஒரே தடயத்தை நம்பாமல், 'இதற்கு முன் இருக்க முடியாது', 'இதற்குப் பின் இருக்க முடியாது' என்று இரண்டு பக்கமும் வேலி போடுங்கள். வேலி குறுகக் குறுக ஆண்டு கிடைக்கும்.

முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தையது. 'மதராஸ்-2' என்பதுபோல் ஒன்றிரண்டு இலக்கம் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தையது. பழக்கம் சில ஆண்டுகள் நீடித்ததால் இதை மெல்லிய வேலியாகவே வையுங்கள். விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன். 'ந.பை.' (நயா பைசா) என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடையில். 'சென்னை ராஜ்யம்' என்றிருந்தால் 1969 ஜனவரியில் தமிழ்நாடு என்று பெயர் மாறுவதற்கு முன். சிவகாசிக்கு ராமநாதபுரம் மாவட்டம் என்று போட்டிருந்தால் 1985-க்கு முன். கோவில்பட்டிக்குத் திருநெல்வேலி மாவட்டம் என்றிருந்தால் 1986-க்கு முன்.

எழுத்து வடிவமும் உதவும். ணை, லை, னை ஆகியவற்றில் யானைத் துதிக்கை போன்ற பழைய கொம்பு இருந்தால், 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் பெரியாரின் இதழ்கள் 1935-இலேயே புதிய வடிவத்தைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. பெயர்ப்பலகை எழுதும் ஓவியர்களோ 1978-க்குப் பிறகும் பழைய கொம்பை விடவில்லை. ஆகவே அச்செழுத்துக்குப் பொருந்தும் விதி கையெழுத்துக்குப் பொருந்தாது.

வண்ணத்தைச் சோதிக்க வசதி இருந்தால் இன்னும் இரண்டு வேலிகள் கிடைக்கும். டைட்டானியம் வெள்ளை 1920-ஐ ஒட்டித்தான் ஓவிய வண்ணமாகப் புழக்கத்துக்கு வந்தது. தாலோசயனின் நீலம் 1935-க்குப் பிறகு. 1890-இல் எழுதியதாகச் சொல்லப்படும் படத்தில் இவை இருந்தால், ஒன்று தேதி தவறு, அல்லது பிற்காலத்தில் யாரோ மேல்பூச்சு பூசியிருக்கிறார்கள். புற ஊதா விளக்கில் பார்த்தால் பழைய வார்னிஷ் பச்சையாக ஒளிரும். பிற்காலப் பூச்சு விழுந்த இடம் கரும்பட்டையாகத் தெரியும். இரண்டில் எது என்று அப்போது முடிவு செய்யலாம்.

'ஆங்கீரச வருஷம் தை மாதம்' என்று எழுதியிருக்கிறது. இது எந்த ஆண்டு?

தமிழ் வருஷம் அறுபது ஆண்டுச் சுழற்சி. ஆங்கீரச 1932-33. அதற்கு முன் 1872-73, பின்பு 1992-93. மூன்றில் எது என்பதை மற்ற தடயங்கள்தான் சொல்ல வேண்டும். வருஷம் சித்திரையில் பிறப்பதால், மார்கழியில் பாதிக்கு மேலும் தையும் மாசியும் பங்குனியும் அடுத்த ஆங்கில ஆண்டில்தான் விழும். ஆகவே ஆங்கீரச தை என்பது 1933 ஜனவரி-பிப்ரவரி. இதைக் கவனிக்காமல் 1932 என்று எழுதிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

நெல்லை, குமரிப் பக்கத்து ஆவணங்களில் கொல்லம் ஆண்டு வரும். கொல்லம் ஆண்டோடு 824 கூட்டினால் ஆவணியிலிருந்து டிசம்பர் வரைக்கும், 825 கூட்டினால் ஜனவரியிலிருந்து ஆடி வரைக்கும் சரியாக வரும். நிலவரிக் கணக்கில் பசலி இருக்கும், 590 கூட்டுங்கள். அது ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும்: பசலி 1359 என்பது 1949 ஜூலை முதல் 1950 ஜூன் வரை.

பெயர் ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. ஒரே ஆள்தானா?

முதலில் பெயரின் எல்லா வடிவங்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். ராஜு, ராஜூ, ராசு. ஆசாரி, ஆச்சாரி, ஆச்சாரியார். சுப்பையா, சுப்பய்யா. ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டல் இன்னும் விரியும். காப்பகச் சுட்டிகள் (எது எந்தக் கோப்பில் என்று காட்டும் அகரவரிசைப் பட்டியல்கள்) ஆங்கிலத்தில் இருப்பதால் அந்த வடிவங்களையும் தேட வேண்டும். அடுத்து முதலெழுத்து. தகப்பனார் பெயரின் முதலெழுத்து, அதற்கு முன் ஊரின் முதலெழுத்து என்று இரண்டு வரலாம். சென்னைக்குப் போனதும் ஊரின் எழுத்தை விட்டிருக்கலாம். சாதிப் பின்னொட்டு 1930-களுக்குப் பிறகு பலரிடம் உதிர்ந்துவிட்டது. குலசாமி பெயர் கொண்ட இரண்டு பேர் ஒரே தெருவில் இருப்பதும் சகஜம்.

ஒரே ஆள் என்று முடிவுகட்ட, பெயர் தவிர இரண்டு விஷயங்களாவது பொருந்த வேண்டும்: தகப்பனார் பெயரும் தெருவும், அல்லது தொழிலும் வயதும். பெயர் மட்டும் பொருந்துவது போதாது.

சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார் என்கிறார்கள். எப்படிச் சரிபார்ப்பது?

பாதிக் குடும்பங்களாவது இதைச் சொல்லும். 1850-இல் அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய அந்தப் பள்ளிதான் இன்றைய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி. சொல்லும் செய்தி காலத்தோடு பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். 'ராய் சௌத்ரியிடம் படித்தவர்' என்பார்கள்; டி.பி.ராய் சௌத்ரி சென்னைப் பள்ளிப் பொறுப்புக்கு வந்தது 1920-களின் கடைசியில். 1915-இல் படித்து முடித்தவருக்கு அது பொருந்தாது.

கல்லூரியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைக் கேளுங்கள். நேரில் கேட்டுப் பயனில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பிக்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். 'இவரைப் பற்றிய எல்லாத் தகவலும் வேண்டும்' என்று எழுதினால் கைவிரித்துவிடுவார்கள். '1921 முதல் 1926 வரையிலான சேர்க்கைப் பதிவேட்டில் இந்தப் பெயர் வரும் பக்கத்தின் நகல்' என்று எழுதுங்கள்.

பள்ளியில் முழுநேரமாகப் படிக்காமல், அரசின் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியப் பாடம் மட்டும் எழுதித் தேறியவர்கள் மிகப் பலர். டிராயிங் மாஸ்டர் வேலைக்கு அது வேண்டியிருந்தது. அந்தச் சான்றிதழைத்தான் குடும்பம் 'ஓவியப் பள்ளியில் படித்தார்' என்று நினைவில் வைத்திருக்கும். அரசின் புனித ஜார்ஜ் கோட்டை கெஜட்டில் தேர்வு முடிவுகளைப் பாருங்கள். அவர் வேலை செய்த பள்ளியின் ஆசிரியர் வருகைப் பதிவேடும் பணிப் பதிவேடும் பிறந்த தேதி, ஊர், சம்பளம், ஓய்வு பெற்ற நாள் நான்கையும் ஒரே இடத்தில் தரும்.

எந்தக் காப்பகத்தில் எதைத் தேடுவது?

எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அரசாணைகள் துறைவாரியாக, ஆண்டுச் சுட்டியோடு இருக்கின்றன. ஆய்வாளராக அனுமதி பெற்று, சுட்டியைப் புரட்டி, ஆணை எண், தேதி, துறை மூன்றையும் குறித்துக் கொடுத்தால்தான் கோப்பு வரும். ஓவியப் பள்ளிக் கோப்புகளைக் கல்வித் தலைப்பில் மட்டும் தேடாதீர்கள். தொழில்துறைத் தலைப்பிலும் கிடைக்கும். ஓவியரின் பெயர் சுட்டியில் இருக்காது. 'உருவப்படம்', 'கண்காட்சி', 'உதவித்தொகை' என்று பொருளை வைத்துத் தேடுங்கள். நகராட்சி மன்றத்தில் கவர்னரின் படம் வைக்க அனுமதி கேட்ட கோப்பு என்றால், யார் வரைந்தது, எவ்வளவு கொடுத்தார்கள் என்பது உள்ளே இருக்க வாய்ப்புண்டு.

சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இந்தத் துறைக்குப் பொன்சுரங்கம். கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்தவை அதன் அடித்தளம். நூல்களோடு நாடக நோட்டீஸ், அழைப்பிதழ், சில்லறைத் துண்டுத்தாள்களையும் அவர் தூக்கி எறியாமல் வைத்திருந்தார். தீபாவளி மலர்கள், கலைமகள், ஆனந்த விகடன், கல்கி போன்ற இதழ்களின் பழைய தொகுதிகளை அங்கும் கன்னிமாரா நூலகத்திலும் பாருங்கள். பைண்டு செய்யும்போது அட்டையையும் விளம்பரப் பக்கத்தையும் கிழித்துவிடும் பழக்கம் இருந்ததால், ஓவியரின் அட்டைப் படம் வேண்டுமென்றால் பைண்டு செய்யாத பிரதி உள்ள இடத்தைத் தேட வேண்டும். புதுக்கோட்டை ஞானாலயா போன்ற தனியார் சேகரிப்புகள் அங்கே கைகொடுக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

சென்னை நகரத்தில் தொழில் செய்தவர் என்றால் அசைலம் பிரஸ் அல்மனாக் என்ற ஆண்டு விவரத் தொகுப்பில் தொழில்வாரிப் பட்டியலைப் புரட்டுங்கள். ஸ்டுடியோக்காரர் என்றால், பழைய தமிழ் ஸ்டுடியோப் படங்களைச் சேகரித்த புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைக் கேளுங்கள். தேவாலயங்களுக்கு வரைந்தவர் என்றால் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடும், கொடைக்கானல் செண்பகனூரிலுள்ள இயேசு சபைக் காப்பகமும்.

நாடகக் கம்பெனியில் சீன் எழுதியவரைத் தேட முடியுமா? படுதா ஒன்றுகூட மிஞ்சவில்லையே.

படுதாக்கள் மடித்து, சுருட்டி, மாட்டுவண்டியிலும் ரயிலிலும் ஊர் ஊராகப் போனவை. பழசானதும் அதன்மேலேயே புதிதாக எழுதினார்கள். துணி கிடைப்பது அரிது. ஆனால் நோட்டீஸ் கிடைக்கும். கம்பெனி ஓர் ஊரில் மாதக்கணக்கில் முகாம் போடும். முகாமில் ஒவ்வொரு நாடகத்துக்கும் நோட்டீஸ் அடிக்கும். 'புத்தம் புதிய சீன்கள்' என்று பெருமையாகப் போடுகிற இடத்தில் சில நேரம் எழுதியவர் பெயரும் வரும். பெயர் வராவிட்டாலும், கம்பெனி எந்த மாதம் எந்த ஊரில் இருந்தது என்று நோட்டீஸ்களை வரிசைப்படுத்தினால் ஓவியரின் பயணப் பாதை தானாக வந்துவிடும். திருமணம், குழந்தை பிறப்பு எல்லாம் ஏன் வேறு வேறு ஊர்களில் நடந்தன என்பது அப்போதுதான் புரியும். டி.கே.எஸ். சகோதரர்கள், நவாப் ராஜமாணிக்கம் போன்ற பெரிய கம்பெனிகளின் நடிகர்கள் எழுதிய தன்வரலாறுகளிலும், சீன் எழுதியவர்கள் ஒரு வரியில் தலைகாட்டுவார்கள்.

பிறந்த தேதி, இறந்த தேதி?

இறந்த தேதியை முதலில் தேடுங்கள், அதுதான் எளிது. பிறப்பு-இறப்புப் பதிவேட்டில் தேட யாரும் விண்ணப்பிக்கலாம் என்று 1969-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கட்டணம் கட்டி நகல் பெறலாம். அந்த நகலில் மரணக் காரணத்தைத் தர மாட்டார்கள். எந்த ஊரில் உயிர் போனதோ அந்த ஊரின் பதிவேட்டில்தான் இருக்கும். கோவில்பட்டிக்காரர் மதுரை ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் மதுரையில்.

பழைய பிறப்புப் பதிவில் பெயர் இருக்காது. தகப்பனார் பெயர், தெரு, 'ஆண் குழந்தை', அவ்வளவே. அண்ணன் தம்பி வரிசை தெரியாமல் அந்தப் பதிவை இவருடையது என்று சொல்லக் கூடாது. பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியோ, சேர்க்கை வயதுக்காக ஓராண்டு, ஈராண்டு கூட்டிக் குறைத்ததாக இருக்கலாம். ஜாதகம் இருந்தால் கேளுங்கள். நட்சத்திரம், கிழமை, தமிழ்த் தேதி மூன்றும் அதில் இருப்பதால் பழைய பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டு நாளை உறுதிப்படுத்தலாம். இறந்த நாளுக்குத் திதி கொடுக்கும் குடும்பத்தில் மாதமும் திதியும் தவறாமல் நினைவிருக்கும், ஆண்டுதான் மறந்திருக்கும்.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஓவியரைப் பற்றி என்ன இருக்கப்போகிறது?

எதிர்பாராத அளவுக்கு இருக்கும். பழைய கிரயப் பத்திரங்களில் ஆளின் பெயரோடு தகப்பனார் பெயர், ஊர், தெரு, சாதி, ஜீவனம் எல்லாம் எழுதுவார்கள். ஜீவனம் என்ற இடத்தில் 'சித்திர வேலை' என்று ஒரு வரி கிடைத்தால், அந்தத் தேதியில் அந்த ஊரில் அவர் ஓவியத்தால் பிழைத்தார் என்பதற்குச் சட்டப்படியான சான்று அது. அசையாச் சொத்துப் பத்திரங்கள் 1-ஆம் புத்தகத்தில் இருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகல் வாங்கலாம். உயில்கள் 3-ஆம் புத்தகத்தில். எழுதியவர் இறந்த பிறகு யார் கேட்டாலும் நகல் கிடைக்கும். உயிலில் தூரிகையும் ஸ்டுடியோவும் யாருக்குப் போயின என்று இருந்தால், மிஞ்சிய படங்கள் எந்தக் கிளையில் இருக்கும் என்பதும் தெரிந்துவிடும்.

குடும்பத்துப் பெரியவர்களிடம் எப்படிக் கேட்பது?

படங்களின் போட்டோக்களைப் பெரிதாக அச்சிட்டு எடுத்துப் போங்கள். வெறும் கேள்விக்கு 'நல்லா வரைவார்' என்றுதான் பதில் வரும். படத்தைக் கையில் கொடுத்தால், 'இந்த லட்சுமிக்கு எங்க சித்தியைத்தான் உட்கார வைச்சார்' என்று பேச்சு திறக்கும்.

'எந்த வருஷம்?' என்று கேட்காதீர்கள். தெரிந்த நிகழ்ச்சியோடு முடிச்சுப் போடுங்கள். காந்தி இறந்தபோது எந்த வீட்டில் இருந்தீர்கள்? தனுஷ்கோடி புயல் சமயம் அப்பா இருந்தாரா? அண்ணா இறந்த அன்று ஸ்டுடியோ எங்கே இருந்தது? இந்த மூன்றும் 1948, 1964, 1969 என்று உங்களுக்கு வேலி போட்டுத் தரும்.

பெண்களிடம் தனியாகப் பேசுங்கள். வண்ணம் அரைத்தது, பசை காய்ச்சியது, அச்சகத்துக்காரர் எத்தனை நாள் கடன் வைத்தார் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். கூடத்தில் ஆண்கள் உட்கார்ந்திருக்கும்போது அவர்கள் பேச மாட்டார்கள். பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேளுங்கள். குடி, கடன், இரண்டாம் குடும்பம் பற்றி ஒருவர் மனம் விட்டுச் சொன்னால், அதை வெளியிடலாமா என்று அன்றே இன்னொரு முறை கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். படங்களை வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கேயே போட்டோ எடுத்து, ஒரு வாரத்துக்குள் அச்சுப் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுங்கள். பரணில் இருக்கும் இரண்டாவது பெட்டி, அப்படித் திரும்பிப் போகும்போதுதான் இறங்கும்.

படம் அழுக்காக இருக்கிறது. துடைத்துவிட்டுப் போட்டோ எடுக்கலாமா?

வேண்டாம். ஈரத்துணி, உருளைக்கிழங்கு, வெங்காயம், எண்ணெய் எதுவும் வேண்டாம். தஞ்சாவூர்ப் படத்தில் சுண்ணத்தூளும் பசையும் சேர்த்து எழுப்பிய மேடு ஈரம் பட்டால் ஊறி, தங்கரேக்கோடு பெயர்ந்து வந்துவிடும். பழைய அச்சுத்தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்கவும் கூடாது. வண்ணம் கண்ணாடியோடு போய்விடும். அப்படியே போட்டோ எடுங்கள்.

பிளாஷ் போடாமல், இரண்டு பக்கமும் 45 பாகையில் ஒரே மாதிரி விளக்கு. கேமராவின் முகம் படத்துக்கு நேர் இணையாக இருக்க வேண்டும். ஓரத்தில் ஓர் அளவுகோல். முழுப் படம், கையொப்பம், முகம், கை, பின்பக்கம் என்று குறைந்தது ஐந்து.

படங்களை வெளியிட யாருடைய அனுமதி வேண்டும்?

ஓவியர் வாழ்ந்த காலம் முழுதும், இறந்த அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டும் பதிப்புரிமை உண்டு. 1976-இல் இறந்தவர் என்றால் 2036 முடியும் வரை. இரண்டு பேர் சேர்ந்து எழுதிய படத்துக்குக் கடைசியாக இறந்தவரிலிருந்து கணக்கு; பட்டறைப் படங்களில் இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். படத்தைச் சுவரில் மாட்டி வைத்திருப்பவர் பதிப்புரிமைக்காரர் ஆகிவிட மாட்டார். ஆனால் ஒருவர் காசு கொடுத்துத் தனக்கென்று எழுதச் சொன்ன உருவப்படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதல் உரிமை அவருக்கே. அச்சகம் எழுதி வாங்கிக்கொண்டதா என்பதற்கு அந்தப் பத்திரத்தைப் பார்க்க வேண்டும்.

நூறு ஆண்டு தாண்டிய ஓவியம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

இரண்டு ஆதாரங்கள் ஒன்றுக்கொன்று மாறாக இருந்தால்?

நிகழ்ச்சிக்கு எது அருகில் எழுதப்பட்டது என்று பாருங்கள். அடுத்து, எழுதியவருக்கு அந்த விஷயத்தில் அக்கறை உண்டா என்று பாருங்கள். அச்சகக் கணக்குப்பிள்ளைக்கு ஓவியரின் பெருமை பற்றிக் கவலையில்லை. 'படம் ஒன்றுக்கு இத்தனை ரூபாய்' என்று அவர் எழுதியது, நாற்பதாண்டு கழித்து வந்த நினைவு மலரைவிட உறுதியானது. ஆனால் அதே கணக்கில் பெயரின் எழுத்து தவறாக இருந்தால் அந்த ஒன்றில் மட்டும் குடும்பம் சொல்வதை எடுத்துக்கொள்ளலாம். முடிவுக்கு வர முடியாத இடத்தில் இரண்டையும் எழுதி, ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று பக்கத்திலேயே குறியுங்கள்.

கிடைத்ததை எங்கே கொடுத்து வைப்பது?

குறைந்தது மூன்று இடத்தில். ஒரு பிரதி குடும்பத்துக்கு, அச்சிட்ட தாளாக. ஒரு பிரதி பொது நூலகமோ ஆய்வு நூலகமோ ஒன்றுக்கு. ஒன்று உங்களிடம். ஒவ்வொரு போட்டோக் கோப்பின் பெயரிலும் ஓவியர் பெயர், ஊர், எடுத்த தேதி, வரிசை எண் இருக்கட்டும்; கேமரா தானாகக் கொடுத்த எண்ணோடு விட்டால், ஐந்தாண்டு கழித்து எந்த வீட்டுப் படம் என்று உங்களுக்கே தெரியாது. குரல் பதிவோடு, பேசியவர் பெயர், வயது, ஓவியருக்கு என்ன உறவு, எந்த நாள், எந்த அனுமதி என்ற ஒரு தாளையும் சேர்த்து வையுங்கள். தேடிப் பார்த்துக் கிடைக்காமல் போன பதிவேடுகளின் பட்டியலையும் ஆண்டு, பக்கம் குறித்து அதோடு வைத்தால், அடுத்து வருகிறவர் அதே பதிவேட்டை மறுபடியும் புரட்ட வேண்டியிருக்காது.